புளிக்குத் தடை போட்ட ரயில்

செம்பாக்கம் ஏரிக்கரையில் என்னோடு காலை நடை வருகிற நண்பர்களே, தோழிகளே, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் யாரும் என்னிடம் தக்காளியைப் பற்றிப் பேச வேண்டாம். கத்தரிக்காயைப் பற்றியும் வேண்டாம். என் முட்டி வீங்கியிருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, சரி. பார்த்த பிறகு சும்மா இருக்க உங்களால் முடியவில்லை, அதுவும் புரிகிறது. ஆனால் காலையில் போனைத் திறந்தால் குடலைக் கழுவினால் மூட்டு சரியாகிவிடும் என்று ஒரு வீடியோ. அதற்குக் கீழே கும்பிடு போட்ட கை. அதற்கும் கீழே இன்னொருவர் அனுப்பிய அதே வீடியோ. பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, சர்க்கரையை நிறுத்து. மூச்சு ஒன்றைத்தான் இன்னும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

எனக்கு என்று ஒரு டாக்டர் இருக்கிறார். மருந்தை விடாதீர்கள், நன்றாகச் சாப்பிடுங்கள் என்கிறார். ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் அதை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் இல்லையென்றால் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அவர் எதிரிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. வலியில் அழுகிறேன் என்று நினைத்து அவர் ஊசி போடவா என்று கேட்டார். வலி இல்லை. மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், தம்பி. அப்பாவுக்கு பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அம்மா எங்கள் பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் அவளுடைய வகுப்பில்தான் படித்தேன். கல்யாணத்துக்கு முன்பே ட்ரெய்னிங் முடித்து, எத்தனையோ வருடம் காத்திருந்து, ஒருவர் நீண்ட லீவில் போன இடத்தில் அம்மாவுக்குக் கிடைத்த வேலை அது. லீவில் போனவர் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. ஜனவரியில் இன்ஸ்பெக்‌ஷன் நல்லபடியாக முடிந்தால் அம்மாவையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியிருந்தார். அம்மா அதை எங்களிடம் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. சத்தமாகச் சொன்னால் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மழைக்காலத்தில்தான் அவள் விரல்கள் வீங்கின. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மடங்கினால் விரியாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் திரியை ஏற்றும் குமிழைத் திருக முடியாமல் என்னைக் கூப்பிடுவாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருப்பாள். எனக்குச் சடை பின்னுகிற வேலை அப்பாவிடம் போனது. அவர் பின்னிய சடை தெருமுனை தாண்டுவதற்குள் அவிழ்ந்துவிடும். பத்து மணிக்கு மேல் அம்மாவின் கை கொஞ்சம் இளகும். அதனால் போர்டில் எழுத வேண்டிய பாடத்தையெல்லாம் இரண்டாவது பீரியடுக்குத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வகுப்பில்தான் எங்களுக்கு ஆங்கில எழுத்து ஆரம்பம். டீச்சர் போர்டில் நான்கு கோடு போட்டு எழுதிக் காட்ட வேண்டும், நாங்கள் பார்த்து எழுத வேண்டும். அம்மாவின் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். பக்கத்து வகுப்பு டீச்சர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பதும் போர்டைத்தான்.

ரயில்வே கேட் அருகே டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டரிடம் அப்பா அம்மாவை அழைத்துப் போனார். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "இது சாப்பாட்டால வந்தது இல்ல. மாத்திரையை விடாமப் போடணும். வெறும் வயித்துல மட்டும் போடக் கூடாது. நல்லாச் சாப்பிட்டுட்டுப் போடுங்க. குணமாகலேன்னா பட்டணத்துல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். இவ்வளவு தெளிவாகத் தமிழில் சொன்னார். அந்த அளவில் விட்டிருந்தால் நான் இன்று இதை எழுத வேண்டியிருக்காது.

ஆனால் அப்பா தினமும் ரயிலில் போகிறவர் ஆயிற்றே.

காலை மின்சார ரயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வண்டி, அதே பெட்டி, அதே பலகை. தாம்பரத்தில் வண்டி காலியாகப் புறப்படும் என்பதால் அப்பா முதலில் ஏறி, கைக்குட்டை, செய்தித்தாள், சாப்பாட்டுப் பை என்று ஆளுக்கு ஒன்றைப் போட்டு இடம் பிடித்து வைப்பார். அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் அவருடைய சிநேகிதர்கள் ஏறி உட்காருவார்கள். ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. ஏறுகிற இடம்தான் பெயர். சானடோரியத்தார், குரோம்பேட்டையார், பல்லாவரம் பாய். இவர்களோடு, கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்ததால் கிண்டியிலேயே இறங்கிவிடும் கிண்டிக்காரர். நான்கு பேரில் ஒருவரும் டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. ஒருவரும் அம்மாவைப் பார்த்ததில்லை. ஆனால் அவள் வயிற்றுக்குள் என்ன போகலாம், என்ன போகக் கூடாது என்பதை அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள்தான் தீர்மானித்தார்கள்.

முதலில் புளி. "வாதத்துக்கு மூலமே புளிதான் சார்" என்று சானடோரியத்தார் சொன்னாராம். அன்று சாயங்காலம் அப்பா கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், புளி ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தார். அடுத்தது குரோம்பேட்டையார். கிழங்கும் பருப்பும் வாய்வு, கத்தரிக்காய் அரிப்பு கிளப்பும் கரப்பான், தக்காளி புளிக்குத் தங்கை. பிறகு பல்லாவரம் பாய், மழைக்காலத்தில் தயிர் குளிர்ச்சி என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஒரு பொருளைச் சேர்க்கச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். சைவக்காரரான குரோம்பேட்டையார் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மாமிசம் செரிக்காது, செரிக்காதது குடலில் தங்கும், தங்கியது மூட்டில் போய் நிற்கும் என்று வாதாடி, சைதாப்பேட்டை வருவதற்குள் ஜெயித்தும் விட்டார். சூப் போயிற்று. கூடவே மீனும் முட்டையும் போயின. கிண்டிக்காரர் தம் பங்குக்கு, வாரா வாரம் சனிக்கிழமை விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்யச் சொன்னார்.

தினமும் ஒரு தடை கூடியது. ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்குக் காரணம் அப்பாவின் உத்தியோகம். ஒருவர் போட்ட உத்தரவை அவரேதான் ரத்து செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆபீஸில் வேதவாக்கு. அதை அப்படியே சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டார். புளியை நிறுத்தியும் வீக்கம் குறையவில்லையே, ஒரு ரசம் வைக்கட்டுமா என்று அம்மா கேட்டாள்.

"சானடோரியத்தார் சொன்னது அது. அவர் சொல்லாம நாம எப்படி எடுக்கறது?"

"சரி, அவரையே கேளுங்க."

"அவருக்குத் திருச்சிக்கு மாத்தலாயிடுச்சு. போன வாரமே போயிட்டார்."

அம்மா அவரையே பார்த்தாள். "அப்ப என் புளிக்காக அவருக்கு ரிட்டன் டிரான்ஸ்பர் வாங்கிக் குடுங்க" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவருக்குச் சிரிப்பே வராது. புளி பரணிலேயே இருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அம்மாவுக்கு ஆசை வந்துவிடக் கூடாது என்று வீடு முழுவதையும் பத்தியத்தில் போட்டு, தானும் அதையே சாப்பிட்டார். புடலங்காய், பீர்க்கங்காய், கஞ்சி. மறுநாள் பீர்க்கங்காய், புடலங்காய், கஞ்சி. அவருடைய பேன்ட் இடுப்பில் நிற்காமல் வழிந்தது. தம்பி மட்டும் சாப்பாட்டு நேரம் பார்த்துப் பக்கத்துப் போர்ஷனுக்குப் போய்விடுவான். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் சத்தம் போடுவாள்: "இன்னா டீச்சரம்மா, கூடையக்கூட எட்டிப் பாக்க மாட்றீங்கோ? மீனு இன்னா பாவம் பண்ணிச்சு?"

அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. இந்த வயதில் லேசாகப் புரிகிறது. அவர் அதிகம் பேசாதவர். அந்தப் பெட்டியில் வருடக்கணக்காக இடம் பிடித்துக் கொடுப்பவராகத்தான் இருந்தார். மற்றவர்கள் அரசியல் பேசுவார்கள், இவர் கேட்டுக்கொண்டு வருவார். அம்மாவுக்கு விரல் வீங்கிய பிறகுதான், ஏறியதும் ஏறாததுமாக எல்லோரும் அவர் பக்கம் திரும்பி, "என்ன சார், வீட்டுல இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். சொன்னதைச் செய்யாமல் மறுநாள் அவர்கள் முன்னால் போய் எப்படி உட்காருவார்?

டிசம்பரில் கிறிஸ்துமஸ் துணி எடுக்க அப்பா என்னை மட்டும் பட்டணத்துக்கு அழைத்துப் போனார். எனக்குத் துணியில் கவனம் இல்லை. அந்த நால்வரில் மிச்சமிருந்த மூன்று பேரையும் நேரில் பார்க்கப் போகிறேன் என்ற கோபத்தோடுதான் ஏறினேன். பார்த்தால் எல்லோரும் சாதாரண மனிதர்கள். குரோம்பேட்டையார் ஒல்லியாக, நெற்றியில் விபூதியோடு, எனக்குப் பெப்பர்மிண்ட் கொடுத்தார். பாய் ஜன்னலோரம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் உட்காரவில்லை. அவர் முன்னால் நின்றுகொண்டு, "தயிர் வேண்டாம்னு சொன்னது நீங்கதானே? எங்கம்மா கஞ்சியை முழுங்க முடியாம அழறாங்க. தயிரை மட்டுமாவது விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். பாய் முகம் மாறிவிட்டது.

"யா அல்லா, நான் ஏதோ பேச்சுக்கு மழைல குளிர்ச்சின்னு சொன்னேன் பாப்பா. நிறுத்தியே புட்டீங்களா? குடுங்க சார், இன்னிக்கே குடுங்க. சூப்பும் வெச்சுக் குடுங்கன்னு சொன்னேனே?"

"சூப்பு வேண்டாம்னு முடிவாச்சே" என்றார் குரோம்பேட்டையார்.

"அப்ப தயிரு. நான் போட்டதை நானே எடுத்துட்டேன்மா."

அன்று சாயங்காலம் அப்பா தாமே கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வந்தார். உத்தரவு முறைப்படி ரத்தாகிவிட்டதல்லவா. ரயிலிலேயே குரோம்பேட்டையாரிடம் பருப்புக்கும் மன்றாடியிருந்தேன். அவர் தலையைத் தடவிக் கொடுத்து, "அம்மாவுக்கு நல்லதுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டார். விளக்கெண்ணெய்க்காகக் கிண்டிக்காரரிடம் பேசலாம் என்று திரும்பினால் கிண்டி வந்து அவர் இறங்கிப் போயிருந்தார். விளக்கெண்ணெய் தொடர்ந்தது.

இவ்வளவுக்கும் அம்மா மாத்திரையை விடவில்லை. ஆனால் டாக்டர் நல்லாச் சாப்பிட்டுட்டு என்று சொன்னாரே, அந்தச் சாப்பாடு எங்கே இருந்தது? கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் புடலங்காய், மேலே மாத்திரை. நெஞ்சு எரிகிறது, வயிற்றில் பிசைகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமையும் விளக்கெண்ணெய் உண்டு. பண்டிகையன்று கோவிலில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது, அம்மாவும் எழுந்தாள், அப்படியே பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். அன்று மத்தியானம் அக்கம்பக்கத்திலிருந்து வந்த பிரியாணியும் அச்சு முறுக்கும் மேசை நிறைய இருக்க, அம்மா கஞ்சி குடித்தாள்.

விழுந்தது பசியால் என்று ஒன்பது வயது எனக்குத் தெரிந்தது. ரயிலில் அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. மாத்திரை சூடு, குடலை அரிக்கிறது, முதலில் அதை நிறுத்த வேண்டும் என்று ஏகமனதாக முடிவாகி வந்தது. எனக்கு இன்றைக்கும் பற்றி எரிகிற இடம் இதுதான். சாப்பாட்டை நிறுத்தியதால் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது, அதனால் மாத்திரையை நிறுத்தினார்கள். உருப்படியாக இருந்த ஒன்றும் போயிற்று. புத்தாண்டுக்குள் அம்மாவின் வலது கை முழுவதும் பந்தாக மூடிக்கொண்டது. பத்து மணிக்கு மேல் இளகுவதும் நின்றுபோனது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா மீன்காரம்மாவைக் கூப்பிட்டாள். சங்கரா மீன் வாங்கினாள். என்னைப் பரணில் ஏற்றிப் புளி ஜாடியை இறக்கச் சொன்னாள். அவளால் கரைக்க முடியாது, நான்தான் கரைத்தேன். குழம்பு கொதித்த வாசனையில் பக்கத்துப் போர்ஷனிலிருந்து தம்பி ஓடி வந்தான். அப்பா ரயிலிலிருந்து வந்து, வாசனை பிடித்து, சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

மறுநாள் காலையில் பழைய சோறும் தயிரும் முந்தின நாள் மீன் குழம்புமாக அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டாள். விரல் சேராததால் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குப் போயா?" என்றார் அப்பா.

"அன்னிக்குத்தான். நிக்கறதுக்குத் தெம்பு வேணும்" என்றாள் அம்மா.

தெம்பு இருந்தது. நின்றாள், பாடம் நடத்தினாள், நாங்கள் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னோம். இன்ஸ்பெக்ட்ரஸும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு, "எங்கே டீச்சர், ஒரு வரி காப்பி ரைட்டிங் எழுதுங்க பார்க்கலாம்" என்றார். அம்மா சாக்பீஸை எடுத்தாள். ஒரு வேளைச் சாப்பாட்டில் திறக்கிற கை இல்லை அது. சாக்பீஸ் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். கரண்டியைப் பிடிப்பதுபோல் முழுக் கையால் பிடித்து, நான்கு கோட்டைப் போட்டாள். கோடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முதல் எழுத்தும் இரண்டாவது எழுத்தும் வந்தன. மூன்றாவதில் சாக்பீஸ் மறுபடி விழுந்தது. இந்தத் தடவை என்னை எடுக்க விடாமல் அம்மாவே குனிந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

யாரும் அவளைக் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. கை குணமானதும் வாருங்கள், இடம் இருந்தால் பார்க்கலாம் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் வெள்ளிக்கிழமை சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து வேறொரு டீச்சர் வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்து உட்கார்ந்து சொன்னார்: "ரயில்ல எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. அன்னிக்குக் காலையில மட்டும் நீ புளி சாப்பிடாம இருந்திருந்தா கை பிடிச்சுக்கிட்டிருக்காதுன்னு."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள், "திங்கட்கிழமை நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். அன்று விளக்கெண்ணெய் புட்டியை அப்பா எடுக்கவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை என்னையும் பள்ளிக்கு அனுப்பாமல் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். பெண்கள் பெட்டியில் ஏற்றிவிடுகிறேன் என்றார் அப்பா. "கம்பியைப் பிடிச்சு இறங்க எனக்குக் கை இல்ல. நீங்க ஏறுற பெட்டியிலேயே வரேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா வழக்கம்போல் கைக்குட்டையையும் செய்தித்தாளையும் போட்டு இடம் பிடித்தார். அம்மா சேலைத் தலைப்பால் கையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குரோம்பேட்டையில் குரோம்பேட்டையாரும் கிண்டிக்காரரும் ஏறினார்கள். பல்லாவரத்தில் பாய் ஏறினார். அப்பா, "இவங்கதான்" என்றார். அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

"அடடே, உக்காருங்க தங்கச்சி, உக்காருங்க" என்றார் பாய்.

"தினமும் உங்களைப் பத்தித்தாம்மா பேச்சு" என்றார் குரோம்பேட்டையார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. வீட்டோட இருக்கறவங்கதானே நீங்க? கொஞ்ச நாள் வேலையைக் குறைச்சுக்கிட்டு, பத்தியத்தை விடாம இருந்தீங்கன்னா எல்லாம் சரியாப் போயிடும்."

அம்மா தலைப்பை விலக்கிக் கையை மடியில் வைத்தாள்.

"இனிமே வீட்டோடதான் சார் இருப்பேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் டீச்சர். இந்தக் கையாலதான் மூணாம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு எழுதிக் காமிச்சுக்கிட்டிருந்தேன்."

பாய் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி டீச்சர்னு நீங்க சொல்லவே இல்லையே சார்?"

"நீங்க யாரும் கேக்கலையே பாய்" என்றார் அப்பா.

மீனம்பாக்கம் போயிற்று, பரங்கிமலை போயிற்று. கிண்டிக்காரர் கிண்டியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனார். அதன் பிறகும் அந்தப் பெட்டியில் ஒருவரும் எந்தக் காயின் பெயரையும் சொல்லவில்லை.